தீர்மானத்தில் தொழிலாளருக்குப் பங்கு உண்டா?
பன்னாட்டு நிறுவனங்களும் திருச்சபையின் பொறுப்பும்

காவிரியும் பவானியும் கலக்கும் கூடுதுறையில் அமைந்த பவானி நகரம் ஜமுக்காளத்தால் பெயர் பெற்றது. அகலமான ஜமுக்காளத்தை நெய்வதற்கு ஒரே குழித்தறியில் இருவர் அமர்வர். ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்புவார். இருவருடைய கையும் ஒத்துப்போனால்தான் கரை நேராக வரும். எனினும் என்ன நெய்வது, எத்தனை நெய்வது, என்ன கூலிக்கு நெய்வது என்பவற்றை அவ்விருவரும் தீர்மானிப்பதில்லை. நூல் கொடுக்கும் முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ தீர்மானிக்கிறது. கூட்டுறவுச் சங்கம் நெசவாளருக்கே உரியது. ஆனால் தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் பல்லாண்டுகள் தேர்தலின்றித் தனி அலுவலர்களின் ஆளுகையில் இருந்ததை நாம் அறிவோம். பெயரளவில் உடைமை உள்ளவரிடத்தும் தீர்மானிக்கும் உரிமை இல்லாமற் போகலாம் என்பதற்கு இது சான்றாகும்.

பவானியிலிருந்து திருப்பூருக்குச் சென்றால் இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிறது. அங்கே தைக்கப்படும் பின்னலாடை ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்குப் போகிறது. அதற்கு நூல் நூற்கும் ஆலைகள் ஈரோடு, கோவை, திண்டுக்கல் மாவட்டங்களெங்கும் உள்ளன. நம் சபைகளின் இளம் ஆண்களும் பெண்களும் விடியுமுன் ஆலைப் பேருந்தில் ஏறுகின்றனர். அவர்களுடைய வேலை நேரம், ஊதியம், ஓய்வுநாள், ஏன், ஞாயிறு ஆராதனைக்கு வர இயலுமா என்பதும்கூட, அவர்கள் முகம் பார்த்திராத மனிதர் தொலைநாட்டில் எடுக்கும் முடிவைப் பொறுத்திருக்கிறது. அம்முடிவில் அவர்களுக்குப் பங்கு உண்டா? உண்டெனில் எவ்வளவு? இதனை ஆயரும் இறையியல் மாணவரும் ஆராய வேண்டியது அவசியம் என்று கருதுகிறோம்.

1. பங்கேற்பு என்பது யாது?

‘பங்கேற்பு’ என்னும் சொல்லைத் தொழிற்சங்கமும் பயன்படுத்துகிறது, நிர்வாகமும் பயன்படுத்துகிறது. இருவரும் ஒரே பொருளைக் கருதுவதில்லை. ஆலையின் அறிவிப்புப் பலகையில் முடிவை எழுதி ஒட்டுவது அறிவிப்பு. முடிவுக்கு முன் தொழிலாளரை அழைத்துக் கருத்துக் கேட்பது ஆலோசனை. அவர்களுடைய இசைவின்றி முடிவே ஏற்படாது என்னும் நிலை கூட்டுத் தீர்மானம். இம்மூன்றனுள் கடைசியானதே முழுமையான பொருளில் பங்கேற்பு ஆகும். முதலிரண்டும் அதற்குப் படிகள். படியிலேயே நிற்கச் செய்துவிட்டு வீட்டிற்குள் வந்தாயிற்று என்று சொல்வதே நம் காலத்தில் அதிகம் நடைபெறுகிறது.

ஆகவே எந்த ஏற்பாட்டையும் சோதித்தறிய நான்கு கேள்விகளை முன்வைக்கிறோம். தொழிலாளர் தம் பிரதிநிதிகளைத் தாமே தெரிந்தெடுக்கின்றனரா? கணக்கும் செய்தியும் அவர்களுக்குக் காட்டப்படுகின்றனவா? அவர்கள் ‘இல்லை’ என்று சொன்னால் முடிவு மாறுமா? உண்மையில் முடிவு எடுக்கப்படும் இடத்தில் அவர்களுக்கு இருக்கை உண்டா?

2. நம் நாட்டுச் சட்டம் வந்த வழி

இந்தியாவில் இவ்வெண்ணம் புதிதன்று. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்கூடங்களில் பணிக்குழு அமைக்கும்படி ஆணையிட அரசுக்கு அதிகாரம் அளித்தது. குழுவில் தொழிலாளர் தரப்பினர் நிர்வாகத் தரப்பினருக்குக் குறையலாகாது. 1958இல் கூட்டு நிர்வாக மன்றங்கள் தொடங்கப்பெற்றன. 1975 அக்டோபரில், நெருக்கடி நிலைக் காலத்தில், ஐந்நூறு அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தொழிலகங்களுக்கென ஒரு திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு 42ஆவது திருத்தத்தின் வழியாக அரசியல் சட்டத்தில் 43-அ பிரிவு சேர்க்கப்பட்டது. தொழிலக நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்க வழிசெய்வது அரசின் கடமை என்று அது கூறுகிறது. ஆனால் அது நெறிகாட்டும் கோட்பாடு. நீதிமன்றத்தில் அதனைக் கேட்டுப் பெற இயலாது. அதற்கு உயிர் கொடுக்க 1990இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை.

தொழிற்சங்கங்கள் பேச வேண்டிய நேரத்தில் அவற்றைப் பேசவிடாமல் இக்குழுக்களை முன்நிறுத்தியது அன்றிலிருந்து இன்றுவரை காணப்படும் குறைபாடு எனலாம். நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது: பணிக்குழு அன்றாட உரசல்களைத் தணிப்பதற்கு உரியது, தொழிலாளர் சார்பில் பேரம் பேசும் சங்கத்தின் இடத்தை அது எடுத்துக்கொள்ளலாகாது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. பணிக்குழு அதிலும் தொடர்கிறது. பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு உள்ள சங்கம் பேச்சுவார்த்தைச் சங்கமாக அறிந்தேற்கப்படும் என்று இத்தொகுப்பு கூறுகிறது. வேலைநிறுத்தத்திற்கு முன்னறிவிப்பு கட்டாயம் என்னும் விதியை எல்லாத் தொழிலகங்களுக்கும் விரித்ததும் இதே தொகுப்புதான். ஒரு கையால் பேசும் உரிமையைத் தந்து, மறு கையால் அப்பேச்சுக்கு வலுவூட்டும் கருவியைச் சுருக்கியது என்று தொழிற்சங்கங்கள் கூறுவதை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது.

3. தீர்மானம் எங்கே எடுக்கப்படுகிறது?

பிறநாடுகளில் நிலை என்ன? இரண்டாம் உலகப் போருக்குப்பின் மேற்கு ஜெர்மனியில் கூட்டுத் தீர்மான முறை வேரூன்றியது. 1951இல் நிலக்கரி, எஃகுத் தொழில்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு அளிக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாயிரம் பேருக்கு மேல் உள்ள பெரு நிறுவனங்களுக்கு இம்முறையை விரித்தது. ஆனால் வாக்குகள் சமமாகும்போது முதலீட்டாளர் தரப்பைச் சேர்ந்த தலைவரின் வாக்கே வெல்லும். 1950இல், சட்டம் வருமுன்னரே, ஜெர்மன் சுவிசேஷத் திருச்சபையின் மன்றம் இக்கோரிக்கைக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தது என்பது நம் கவனத்திற்குரியது. மனிதனைக் கூலியால் மட்டும் அளக்கும் உறவைக் கடக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

ஆயினும் அம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஜெர்மன் நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவில் ஜெர்மன் தொழிலாளிக்கு இருக்கை உண்டு. அந்நிறுவனத்திற்காக வேறு நாட்டில் உழைப்பவர் அக்குழுவுக்கு வாக்களிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1994ஆம் ஆண்டு நெறிமுறையால் அமைந்த ஐரோப்பியப் பணிமன்றங்களும் செய்தியும் ஆலோசனையும் பெறும் உரிமையையே, அதுவும் ஐரோப்பியத் தொழிலாளருக்கே, அளிக்கின்றன. பன்னாட்டு நிறுவனங்களைக் குறித்து சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இல் வெளியிட்ட முத்தரப்புப் பிரகடனம் நற்பண்புகளை வலியுறுத்துகிறது. மீறுவோரைத் தண்டிக்க அதனால் இயலாது. சங்கம் அமைக்கும் உரிமையையும் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையையும் பற்றிய அவ்வமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்றுக் கையெழுத்திடவும் இல்லை.

பன்னாட்டு நிறுவனம் நம்மிடம் இரு வடிவங்களில் வருகிறது. ஒன்று, தானே ஆலையை நடத்துவது. மற்றொன்று, ஆலை எதையும் சொந்தமாக்காமல் சரக்கை மட்டும் வாங்குவது. இரண்டிற்கும் தமிழ்நாட்டிலேயே அண்மைக்கால எடுத்துக்காட்டுகள் உண்டு.

4. திருப்பெரும்புதூர்: குழுவா, சங்கமா?

திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் சாம்சங் நிறுவனத்தின் வீட்டுச் சாதன ஆலை 2007 முதல் இயங்கி வருகிறது. 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதியமும் வேலை நேரமும் கோரிக்கைகளில் இருந்தாலும், தாங்கள் அமைத்த சங்கத்தை ஏற்று அதனோடு பேச வேண்டும் என்பதே நடுநாயகமான கோரிக்கை. நிர்வாகம் தொழிலாளரோடு நேரடியாகப் பேச ஆயத்தமாயிருப்பதாகக் கூறிற்று. அக்டோபர் 7 அன்று ஒரு தொழிலாளர் குழுவுடன் அது உடன்பாடும் செய்துகொண்டது. வேலைநிறுத்தம் செய்தோரின் சங்கம் அவ்வுடன்பாட்டில் இல்லை. போராட்டம் 37 நாட்கள் நீடித்து, அரசின் முன்னிலையில் நடந்த பேச்சுக்குப்பின் அக்டோபர் நடுவில் முடிவுற்றது. சங்கத்தின் பதிவு உயர்நீதிமன்றம் வரை சென்று, 2025 சனவரியில்தான் கிடைத்தது.

இங்கே நம் முதற் கேள்வியே முழு வழக்காக நின்றது. குழு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. குழுவில் அமர்பவரைத் தெரிந்தெடுப்பது யார் என்பதே வழக்கு. எதிரே அமர்ந்து பேசுபவரை எதிர்த்தரப்பே தெரிந்தெடுக்குமானால் அது பேச்சுவார்த்தையன்று; தன்னோடு தானே பேசிக்கொள்வதாகும்.

5. திண்டுக்கல் உடன்பாடு

இரண்டாம் எடுத்துக்காட்டு கொங்குநாட்டின் வாசற்படியில் நிகழ்ந்தது. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் நாச்சி அப்பேரல் என்னும் ஆடையாலை திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. 2021 சனவரியில் அங்கே வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அதன்பின் மற்றப் பெண்களும் வாய் திறந்தனர். இரவுநேர வேலையில் நேரும் சீண்டல், சாதி சொல்லி ஏசுதல், புகார் செய்தால் வேலை போகும் என்னும் அச்சம் ஆகியன வெளிவந்தன.

இவ்விடத்தில் இந்தத் தொழிலின் அமைப்பை விளக்குதல் நலம். உலகப் பெயர் பெற்ற ஆடை நிறுவனம் ஆலையை வைத்திருப்பதில்லை. விலை, அளவு, கப்பலேற்றும் நாள் ஆகியவற்றை அது குறிக்கிறது. அதற்குள் செய்து முடிப்பது உள்ளூர் முதலாளியின் பாடு. விலை இறங்கும்போதும் நாள் சுருங்கும்போதும் அந்தச் சுமை மேற்பார்வையாளரின் குரலாகித் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் தலையில் இறங்குகிறது. அவள் யாரிடம் முறையிடுவாள்? முதலாளி வாங்குவோரைக் காட்டுவார். வாங்குவோர் ‘ஆலை எங்களுடையதன்று’ என்பர். ஆண்டுதோறும் ஆய்வாளர் வந்து படிவம் நிரப்பிச் செல்வது இக்குறையைத் தீர்த்ததில்லை. முன்னர்ச் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரில் மூன்றாண்டு வேலைக்குப்பின் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதிகளில் அடைத்துவைத்த நூற்பாலைகளும் இதே வாங்குவோருக்கான சங்கிலியின் கண்ணிகளே.

2022 ஏப்ரலில் ஏற்பட்ட திண்டுக்கல் உடன்பாடு இச்சங்கிலியைப் பின்னிருந்து பிடித்தது எனலாம். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தது. ஆசியத் தள ஊதியக் கூட்டமைப்பும் அமெரிக்காவிலுள்ள ஒரு தொழிலாளர் உரிமை அமைப்பும் உடன் நின்றன. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய வாங்கும் நிறுவனங்கள் சட்டப்படி கட்டுப்படும் வகையில் தனித்தனியே கையெழுத்திட்டன. ஆடையாலையையும் நூற்பாலையையும் சேர்த்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், இதன்கீழ் வந்தனர்.

அது நடைபெறும் முறை கவனிக்கத்தக்கது. வேலைத்தளத்தில் தொழிலாளருள்ளிருந்தே கண்காணிப்பாளர்கள் ஏற்படுத்தப்பட்டு, சங்கத்தால் பயிற்சி பெற்றனர். சீண்டலையோ சாதி ஏச்சையோ கண்டால் அவர்கள் புகாரை எடுத்துச்செல்வர். நிர்வாகமும் சங்கமும் கூடி அதனை ஆராயும், பழிவாங்குதலுக்கு இடமில்லை. ஆலை உடன்பாட்டை மீறினால், வாங்கும் நிறுவனங்கள் தங்கள் வாணிபத்தில் அதற்கேற்ற நடவடிக்கை எடுத்தாக வேண்டும். முதலாண்டு அறிக்கையின்படி எழுந்த 185 புகார்களுள் 182 தீர்க்கப்பட்டன. அவ்வாண்டிலேயே, 2022 சூலையில், அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்பு என்னும் ஐயத்தால் இவ்வாலையின் சரக்கை நிறுத்திவைத்தது. உடன்பாட்டின்படி நிகழ்ந்த மாற்றங்களைக் கண்டபின் செப்டம்பரில் தடையை நீக்கிற்று. தொழிலாளரின் குரல் ஆலையையும் காப்பாற்றியது என்பதை முதலாளிகளாகிய நம் சபையார் கவனிப்பார்களாக.

நம் நான்கு கேள்விகளுக்கு இங்கே கிடைக்கும் விடை என்ன? பிரதிநிதிகள் தொழிலாளருடையவர், செய்தி அவர்களை எட்டுகிறது, அவர்களுடைய ‘இல்லை’க்கு வாங்குவோரின் கையெழுத்து வலுவளிக்கிறது. இம்மூன்றும் பெரும்பேறு. ஆனால் நான்காம் கேள்வி நிற்கிறது. ஓர் உடைக்கு என்ன விலை, அடுத்த ஆண்டு ஆர்டர் வருமா, வேறு நாட்டிற்குப் போகுமா என்பவற்றை முடிவு செய்யும் மேசையில் வேடசந்தூர்ப் பெண்ணுக்கு இன்னும் இருக்கை இல்லை. தன்னை அடிக்கலாகாது என்று சொல்லும் உரிமை அவளுக்குக் கிடைத்தது; தன் உழைப்பின் விலையைப் பேசும் உரிமை எட்டவில்லை. நாம் அறிந்தவற்றுள் சிறந்த உடன்பாட்டின் எல்லையே இதுவாயின், மற்ற இடங்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

6. திருமறையின் ஒளியில்

யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தில் பார்வோனின் செங்கல் சூளையைக் காண்கிறோம். வைக்கோல் நிறுத்தப்படுகிறது, கணக்கு மட்டும் குறையவில்லை. ஆளோட்டிகளுக்கும் மக்களுக்கும் இடையே இஸ்ரவேலரிலிருந்தே தலைவர்கள் வைக்கப்பட்டிருந்தனர். அவர்களை ஏற்படுத்தியவர் ஆளோட்டிகள். கணக்குக் குறைந்தபோது அடிபட்டவர்கள் அவர்களே. பார்வோனிடம் சென்று முறையிட்டவர்களும் அவர்களே. ஒன்றும் கிடையாமற்போகவே மோசேயைக் கடிந்துகொண்டவர்களும் அவர்களே. மேலிருந்து ஏற்படுத்தப்படும் பிரதிநிதியின் அவலம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் தீயவர்களல்லர், ஆனால் அவர்கள் நின்ற இடம் அவர்களுடையதன்று.

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் ஆசரிப்புக் கூடார வாசலில் நின்று, தகப்பனின் காணியாட்சியில் பங்கு கேட்கின்றனர். அவர்கள் சொல்வது நியாயம் என்று கடவுளே தீர்ப்பளிக்கிறார்; சட்டம் மாறுகிறது. ஆனால் அந்நூலின் கடைசி அதிகாரத்தில் கோத்திரத் தலைவர்கள் வந்து, அப்பெண்களின் திருமணத்திற்கு வரம்பு கட்டுகின்றனர். அந்தப் பேச்சில் அப்பெண்கள் இருந்ததாக எழுதப்படவில்லை. ஒருமுறை பெற்ற உரிமையும், மேசையில் தொடர்ந்து இடமில்லாவிடில் சுருங்கிவிடும் என்பதை இதனால் உணர்கிறோம்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் நமக்கு இன்னும் அண்மையானது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் அவ்விதவைகளுக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. தெரிந்தெடுக்கும் பொறுப்பைச் சபையார் அனைவரிடமும் விட்டனர். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை தெரிந்தெடுக்கப்பட்ட எழுவருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பகுதியாரிடமே பந்தியின் பொறுப்பு சென்றது என்று கருத இடமுண்டு. முறையீட்டுக்குச் சலுகை அளிப்பது வேறு; முறையிட்டவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது வேறு. ஆதிசபை இரண்டாவதைச் செய்தது. தேவவசனம் விருத்தியடைந்தது என்று லூக்கா அதன் அடுத்தாற்போலவே எழுதுகிறார்.

1975இல் நைரோபியில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவைக்குப்பின், நீதியும் பங்கேற்பும் நிலைபேறும் உள்ள சமுதாயம் என்னும் இலக்கு முன்வைக்கப்பட்டது. நீதியையும் பங்கேற்பையும் பிரிக்கலாகாது என்பதே அதன் உட்பொருள். பங்கேற்பில்லாத நீதி தருமமாகத் தேய்ந்துவிடும்.

7. எழுப்பப்படும் தடைகள்

‘பணம் போட்டவருக்கே தீர்மானம்’ என்பர். பங்கு வாங்கியவர் அதனை ஒரே நாளில் விற்றுவிடலாம். தன் இளமைக்காலத்தை நூற்பாலையில் போட்டவள் அதனைத் திரும்பப் பெற இயலாது. யாருடைய முதலீடு பெரிது? ‘சங்கம் வந்தால் கட்சி வரும்’ என்பர். இது முழுவதும் பொய்யன்று. அதற்கு மருந்து இரகசிய வாக்கெடுப்பும் உறுப்பினருக்குக் கணக்குக் காட்டுதலுமேயன்றி, சங்கத்தையே மறுப்பதன்று. ‘ஆர்டர் வங்காளதேசத்திற்கோ வியட்நாமுக்கோ போய்விடும்’ என்பதே வலுவான தடை. இவ்வச்சம் உண்மையானது, தொழிலாளரும் அதனை அறிவர். ஆனால் ஓராலையில் மட்டும், ஒரு நாட்டில் மட்டும் பங்கேற்பு இருந்தால்தான் அவ்வச்சம் மெய்ப்படும். வாங்குவோரையே கட்டுப்படுத்தும் உடன்பாடுகள் நாடு கடந்து பெருகுவதே அதற்கு விடையாகும். இவ்வகையில் திண்டுக்கல் ஒரு தொடக்கம்.

8. நம் பணி

கொங்குநாட்டுச் சபைகளில் ஆலை முதலாளியும் ஆலைத் தொழிலாளியும் ஒரே திருவிருந்து மேசையண்டை முழங்காற்படியிடுகின்றனர். ஆகவே ஆயரின் நிலை எளிதானதன்று. தகராறு எழும்போது ‘சமாதானம் செய்துவையுங்கள்’ என்று ஆயர் அழைக்கப்படுவது வழக்கம். பெரும்பாலும் அதன் பொருள் தொழிலாளரை வேலைக்குத் திரும்பச் சொல்லுங்கள் என்பதே. அவ்வழைப்பை ஏற்குமுன் மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் இரு தரப்பாரிடமும் கேட்பது ஆயரின் கடமை. ஆலையின் விடுதிகளில் இருக்கும் நம் பிள்ளைகளைத் தேடிச் சென்று அவர்கள் சொல்வதைக் கேட்பது அதற்கும் முந்திய கடமை.

இதைவிடக் கடினமானது ஒன்றுண்டு. திருச்சபையும் ஒரு முதலாளி. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் நாம் பலருக்கு வேலை கொடுக்கிறோம். அங்கே துப்புரவுப் பணியாளருக்கும் செவிலியருக்கும் சமையற்காரருக்கும் தீர்மானத்தில் பங்கு உண்டா? அவர்களுடைய பிரதிநிதியை யார் தெரிந்தெடுக்கின்றனர்? வரவு செலவு அவர்களுக்குக் காட்டப்படுகிறதா? ஊழியம் என்னும் அழகிய பெயரால் இக்கேள்விகளை நாம் மூடிவைத்ததுண்டு. சியோலிலும் ஸ்டாக்ஹோமிலும் உள்ளவரிடம் கேட்பதை நம் திருமண்டல அலுவலகத்திலும் கேட்கத் துணிந்தால்தான் நம் சாட்சி நிலைநிற்கும்.

பவானித் தறியில் நாடா ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகிறது. தள்ளுபவரும் வாங்குபவரும் சமமாக அமர்ந்திருப்பதாலேயே துணி உருவாகிறது. அந்த ஒழுங்கு தறியோடு நின்றுவிடாமல், கூலி பேசுமிடத்திற்கும் ஆர்டர் எழுதுமிடத்திற்கும் செல்ல வேண்டும் என்று கேட்பது இறையாட்சியை நாடுவோருக்கு அடுத்த வேலையேயாம்.